கடைத் திறப்பு

“ஐயா, இது தேங்காயெண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய்.”

சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. கனிசியஸ், போத்தலின் மூடியைத் திறந்து நீட்டினார். கடை முதலாளி எட்வேர்ட் முகர்ந்து பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, போத்தலையே பார்த்தபடி நின்றார்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி மனோன்மணி நின்றாள்.

பண்டத்தரிப்பில் எட்வேர்ட் கடை சுத்தத்துக்குப் பெயர்போனது. மா மூட்டை ஒருநாளும் தரையில் இருக்காது. மிளகாய்த்தூள் நிறுத்த கையால் சீனியைத் தொடமாட்டார். காலையில் ஜெபம் முடித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் கடையைத் திறப்பார். முன்பு இருந்த பி.எச்.ஐமார் மற்றக் கடைக்காரரை ஏசும்போது, போய் எட்வேர்ட் ஐயாவின் கடையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

இன்றைக்குக் கனிசியஸ் கைவைத்த இடமெல்லாம் பிழையாக இருந்தது. பிறிஜ்ஜின் வயர் சுவரிலிருந்து கழன்று கிடந்தது. உள்ளே யோக்கட் கோப்பைகள் ஊதிப்போய் நாறின. திகதி முடிந்த பால்மாப் பைக்கற்றுகள் முன்வரிசையில் இருந்தன. மாவுக்குள் வண்டு நெளிந்தது. கடைசியாக, பிஸ்கற் ரின்னுக்குள்ளிருந்து எலிப்பாஷாணப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் மேசையில் வைத்தார்.

“உது நான் வைச்சதில்லை, தம்பி,” என்றார் எட்வேர்ட். “ஆரோ வேணுமெண்டு செய்திருக்கிறாங்கள்.”

யார் என்பதையும் அவரே சொன்னார். தெருவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக்கடை திறந்திருக்கும் கஜானன். அவன் வந்த நாளிலிருந்து இங்கே சனம் குறைந்துவிட்டது. அதுவும் போதாதென்று ஆள் விட்டு பிறிஜ்ஜைக் கழற்றி, போத்தலை மாற்றி, பிறகு தானே சுகாதாரப் பகுதிக்குப் பெட்டிசமும் போட்டிருக்கிறான். சொல்லச் சொல்ல எட்வேர்ட்டின் குரல் உயர்ந்தது.

கனிசியஸ் மறுத்துப் பேசவில்லை. இந்த எண்ணெயை யாராவது சூடான தாச்சியில் ஊற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். எட்வேர்ட் முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“கேஸ் போடுங்கோ, நான் கோட்டுக்கு வாறன். கடையை மட்டும் பூட்டச் சொல்லாதேங்கோ. இதை விட்டால் எனக்கு வேறை ஒண்டும் தெரியாது.”

கனிசியஸ் தலையைத் திருப்பி மனோன்மணியைப் பார்த்தார். புருசனுக்காக அவளும் ஒரு வார்த்தை கேட்பாள் என்று எட்வேர்ட்டும் பார்த்தார். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

கேஸ் போடவில்லை என்று கனிசியஸ் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் அகற்றிக் கழுவி, தான் மறுபடி வந்து பார்க்கும்வரை கடை திறக்கக் கூடாது. பழுதான சாமான்களைப் அவரோடு வந்த ஆட்கள் பெட்டிகளில் கட்டி வாகனத்தில் ஏற்றினார்கள்.

“பெட்டிசம் போட்டது ஆரெண்டாவது சொல்லிப்போட்டுப் போங்கோ.”

“அது சொல்லேலாது, ஐயா.”

இரும்புக் கதவை எட்வேர்ட் தானே இழுத்தார். பாதியில் இறுகி நின்றுவிட்டது. எதிர்க் கடையிலிருந்து கஜானன் ஓடிவந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். எட்வேர்ட் அவன் கையைத் தட்டிவிட்டார். இனி என் வாசலில் கால் வைக்காதே என்று தெருவில் நின்றவர்கள் கேட்கத்தக்கதாகச் சொன்னார். அந்தப் பொடியனின் முகம் கறுத்துப் போனதை மனோன்மணி பார்த்தாள். அவனைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் எட்வேர்ட் ஒன்றும் சாப்பிடவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாகக் காப்பாற்றிய பெயர் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொழுதுபட்டதும் வழக்கம்போல இருவரும் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றார்கள். பிள்ளைகளுக்காக மன்றாடி முடித்த பிறகு அவருடைய குரல் மாறியது.

“ஆண்டவரே, இந்த வேலையைச் செய்த கை விளங்கக் கூடாது.”

அவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார். மனோன்மணி கண்ணைத் திறந்து அவருடைய கையைப் பார்த்தாள். “ஆமென்,” என்றாள்.

விடிந்ததும் அவள் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்வேர்ட் முழுகி, தலை வாரி இழுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் நேற்றைய வாட்டம் ஒன்றும் இல்லை.

“ஆணியிலை கொழுவின கடைத் திறப்பைக் காணேல்லை. நீர் எங்கையும் எடுத்து வைச்சனீரோ? சனம் வாற நேரமாச்செல்லே.”

மனோன்மணி கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, கடை பூட்டியாச்சு. பி.எச்.ஐயைக் கூப்பிட்டது நான்தான். நீங்கள் அந்தப் போத்தலுக்கை மண்ணெண்ணெயை ஊத்தினதை என்ரை கண்ணாலை பாத்தனான்,” என்று அவருடைய முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவர் இதையும் மறந்துவிட்டு, மறுபடியும் திறப்பைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.