எங்க ஆளு

"உன்னைக் கட்டிக்கப் போறவன் எங்க ஆளு" என்றார் உளவுத்துறை அதிகாரி.

பாட்டு டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவளை வாசலிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சாப்பாட்டு டப்பா இன்னும் மடியில் இருந்தது.

"புரியலையா? எட்டு மாசமா உங்க ரகசிய ஜெபக் கூட்டத்துல உட்கார்ந்து பாடிட்டிருக்கானே பைண்டர், அவனை அனுப்பினதே நான்தான். புத்தகம் பைண்டிங் பண்றவன்னு சொன்னதும் வாயைப் பிளந்துட்டு உள்ளே விட்டுட்டீங்க. உனக்குக் குடை பிடிச்சது, கல்யாணத்துக்குக் கேட்டது, எல்லாமே டியூட்டி."

"தெரியும் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "என்ன தெரியும்?"

"அவர் உங்க ஆளுன்னு. வந்த அன்னிக்கே தெரியும்."

"கதை விடாதே."

"எனக்கு மட்டும் இல்ல சார், கூட்டத்துல பதினேழு பேருக்கும் தெரியும். பியானோ வாசிக்கிற அத்தைக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு. பாவம், இருமி மறைச்சாங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"முதல் நாளே எழுந்து நின்னு ஜெபம் பண்ணினார். 'ஆண்டவரே, நம் பாவங்களை மன்னியும்'னார்."

"அதுல என்ன தப்பு?"

"'எங்கள் பாவங்களை'ன்னுதான் சார் சொல்லணும். 'நம்'னு சொன்னா, கேட்டுட்டிருக்கிற ஆண்டவரும் அந்தப் பாவத்துல சேர்ந்துடுவார். ஜெபம் பண்ணிப் பழகின வீட்டுல நாலு வயசுக் குழந்தைகூட அப்படிச் சொல்லாது. யாரோ மேடைப் பேச்சு மாதிரி எழுதிக் கொடுத்து, மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்க."

அதிகாரியின் முகம் சுருங்கியது. எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"தெரிஞ்சும் ஏன் துரத்தலை?"

"துரத்தினா இன்னொருத்தரை அனுப்புவீங்க. அவருக்குச் சுருதி சேருமோ என்னவோ. இவர் நல்லாப் பாடறார்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் ஒரு நொடி நின்றன. அதிகாரி திரும்பி முறைத்ததும் மறுபடி ஓடின.

"திமிரு! உளவாளின்னு தெரிஞ்சே எவளாவது கட்டிக்கச் சம்மதிப்பாளா?"

"பொய் சொன்னா அவருக்குக் காது சிவந்துடும் சார். சொந்த ஊர் எதுன்னு கேட்டா சிவக்கும். அப்பா என்ன வேலைன்னு கேட்டாலும் சிவக்கும். கல்யாணத்துக்குக் கேட்டப்ப மட்டும் சிவக்கலை."

கதவு தட்டப்பட்டது. காவலர் ஒருவர் ஒட்டிய உறை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவனோட ரிப்போர்ட். நேத்து நீயே அவனை அச்சு மெஷின் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கே. 'பார்த்துட்டேன், எழுத்துல தர்றேன்'னு சாயங்காலமே போன் பண்ணிட்டான்."

அவள் முதல் முறையாகத் தலை குனிந்தாள். கூட்டிக்கொண்டு போனது நிஜம்தான். ஒரு லாண்டரியின் பின்னறை. அனுமதியில்லாத வேதாகமங்கள் அங்கேதான் அச்சாகின்றன. துணி துவைக்கிற சத்தத்தில் அச்சடிக்கிற சத்தம் வெளியே கேட்காது. "உன் மனசுக்கு நல்லவராத் தெரிஞ்சா கூட்டிட்டு வாம்மா" என்று லாண்டரிக்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"உளவாளின்னு தெரிஞ்சும் இடத்தைக் காட்டின அறிவாளி உலகத்துலயே நீ ஒருத்திதான்!"

"கட்டிக்கப் போறவர்கிட்ட ஒளிச்சு ஒளிச்சு வாழறதுக்கு நானும் உங்க டிபார்ட்மெண்டா சார்?"

அதிகாரி உறையைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் பிரிக்கலை. நீயா இடத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா, இப்பவே ஸ்கூலுக்குப் போகலாம். நான் பிரிச்சுட்டேன்னா உனக்கு ஏழு வருஷம். எப்படியும் இடம் எதுன்னு இதுல இருக்கு. நீ சொல்றதால யாருக்கும் புதுசா நஷ்டம் இல்லை."

"இருக்குன்னு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சா, என் கையெழுத்து எதுக்கு சார்?"

"பத்து எண்ணுவேன்."

"எண்ண வேண்டாம். பிரிங்க."

மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை அவள் மேசைமேல் எடுத்து வைத்தாள்.

அதிகாரி உறையைக் கிழித்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாக வாசித்தார்.

"'அச்சு இயந்திரத்தை நேற்று நேரில் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது.' கேட்டியா டீச்சர்? நன்றாக ஓடுகிறதாம்!"

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அடுத்த வரிக்குப் போனார். சத்தம் வரவில்லை. தட்டச்சு செய்கிற பெண் காத்திருந்தாள். தாள் மேசையில் விழுகிற ஓசை மட்டும் கேட்டது.

டீச்சர் கண் திறந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து, தலைகீழாகவே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'இடத்தை நாங்கள் சொல்வதாக இல்லை. என்னைத் தேடி அலைய வேண்டாம்; வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.'