கதவு உபயம்

சிறையிலிருந்து விடுதலையானவர்கள் தங்கும் இல்லத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கம்பிக் கதவு செய்து கொடுத்தோம். சந்தனம் பூசி, மாலை போட்டு, எல்லோருக்கும் கேசரி வேறு. கதவின் நெற்றியில் தகரப் பலகை; அதில் பதினாறு உபயதாரர்களின் பெயர்கள். என்னுடையது நாலாவது.

இல்லத்திலேயே மூத்தவரான மாசிலாமணி கதவின் உட்புறத்தைத் தடவித் தடவித் தேடினார்.

"தாழ்ப்பாள் வெளியில இருக்குதுங்களே?"

"பொம்பளப் புள்ளைங்க நடமாடுற தெரு. அப்படித்தான் இருக்கணும்" என்றார் எங்கள் தெருச் சங்கத் தலைவர், வாய் நிறையக் கேசரியோடு.

மாசிலாமணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே விட்டு, தாழ்ப்பாளைத் தானே போட்டார்.

"இப்படிங்களா?"

"அதேதான்!"

எல்லோரும் கைதட்டினோம். என் உள்ளங்கைகள் கேசரி நெய்யில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.