ஃபிஜாவின் முதல் வாசகர்

"மலைமேல புதூர்நாட்டுல ஜீப்புக்கு நிக்கிறவங்களுக்கும் புரியணும்மா" என்று சொல்லி, இந்த வாரமும் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒடுகத்தூரிலிருந்து நாளிதழுக்கு அறிவியல் செய்தி எழுதும் ஃபிஜாவுக்கு அலுத்துப்போயிற்று. எதை எழுதினாலும் கணவன் இல்யாஸுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவாள். கடலை உடைக்கிற மிஷினோடு பகல் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று நம்பினாள். அவனுக்கு எல்லாமே புரிந்தது. ஆசிரியருக்குத்தான் எதுவும் புரியவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, செல்போன் பேட்டரி ஏன் உப்புதுன்னு மாத்தி எழுதிருக்கேன். புரியலன்னா சொல்லிடுங்க."

"படி" என்று எதிரில் வந்து உட்கார்ந்தான்.

வாசித்தாள். தலையாட்டினான்.

"புரியுதா?"

"நல்லா புரியுது."

பாதியில் கரண்ட் போயிற்று. பலமுறை திருத்தி எழுதியதில் மிச்சம் அவளுக்கு மனப்பாடம். இருட்டிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஏன் நிறுத்திட்ட? கரண்ட் போனா இன்னா, தெரிஞ்சத சொல்லு" என்றான் இல்யாஸ்.

ஃபிஜா திடுக்கிட்டாள். அவள் நிறுத்தவே இல்லை.

"இன்னாங்க... நான் பேசறது கேக்கலயா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டாள். அதற்கும் இல்லை.

கரண்ட் வந்தது. அவன் கண்கள் நேராக அவள் உதட்டுக்குப் போயின.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. தலை குனிந்தான்.

"ரெண்டு வருசமாவுது. சொன்னா நீ படிச்சிக் காட்றத நிறுத்திடுவ. நாள் பூராவுல நீ என் எதுர்ல ஒக்கார்றது அதுக்கு மட்டுந்தான்."