கோழி உட்கார்ந்தால் தாங்குமா?

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கின் சூப்பர்வைசர் கிரிகோரேவுக்கு மரியாதை என்றால் உயிர். சிமென்ட் எஞ்சினியர் ஸ்மராண்டா துணி விரித்து உட்கார வைத்து, சுட்ட இறைச்சியும் கடுகும் பரிமாறியதுமே, ‘வழிக்கு வந்துவிட்டாள்’ என்று நினைத்தார்.

ருமேனியாவின் பிளோயெஷ்டி ஊரில் அந்தக் கிணறு இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தது. குழாயைச் சுற்றி ஊற்றிய சிமென்ட்டின் கனம் தாங்காமல் பாறை பிளந்து, அத்தனையையும் விழுங்கிவிட்டது. மூன்றாம் முறையும் போனால் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“அதுக்காக நுரை கலந்த சிமென்ட்டா? தண்ணில மிதக்குமாமே! ஏம்மா, கேக்கு சுடப்போறியா?” என்றார் கிரிகோரே.

“கனம் கம்மி, பாறை உடையாதுண்ணே. இன்னொரு துண்டு வைக்கட்டுமா?”

“வை, வை. பாறை உடையாது, சரி. உன் சிமென்ட் நொறுங்கிடுமே! ஒரு கோழி உக்காந்தா தாங்குமா?”

“அதையும் பாத்துடலாம். கொஞ்சம் எந்திரிங்க.”

நூற்றிருபது கிலோ கிரிகோரே முனகிக்கொண்டே எழுந்தார். அவள் துணியை உருவி, அடியிலிருந்த சாம்பல்நிறக் கட்டியை ஒரே கையால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். ஒரு கீறல்கூட இல்லாமல் மிதந்தது.

“கோழி கிடைக்கலண்ணே. அதான் இவ்வளவு நேரமா உங்கள உக்கார வச்சிருந்தேன்.”