முடிவில்லாத ஆறு கதைகள்

"இவ அந்தப் புத்தகத்தைக் கையால தொட்டதுகூட இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

நுழைந்ததும் நுழையாததுமாக ஆங்கிலப் பேராசிரியர் நூலகரம்மாவின் மேஜைமேல் ஒரு நோட்டை வீசினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னாலேயே இரண்டாம் வருஷத்து மாணவி ஒருத்தி வந்து நின்றாள்.

நூலகரம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் மேஜையில் யார் எதை வீசினாலும் அந்தம்மாவுக்கு ஆகாது.

"என்ன விஷயம் சார்?"

"அமெரிக்கச் சிறுகதைப் பாடம். ஆறு கதை. படிச்சுட்டு மனசுல பட்டதை எழுதிட்டு வாங்கன்னேன். இருபத்தஞ்சு மார்க். முப்பத்தெட்டு பேர் ஒழுங்கா எழுதியிருக்காங்க. இந்த மகாராணி எழுதியிருக்கற லட்சணத்தைப் படிங்க."

நூலகரம்மா நோட்டைப் பிரித்தார்.

'மழையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இந்த எழுத்தாளர் எங்கே போனார்? பொறுப்பில்லாத மனிதர்.'

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

'வழக்கு நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. தீர்ப்பைக் காணோம். ஆரம்பிக்கத் தெரிந்தவருக்கு முடிக்கத் தெரியவில்லை. இவருக்கா இத்தனை பெயர்?'

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"முடிவுக்காகவே உலகம் கொண்டாடற கதைங்க மேடம். கடைசிப் பாராவை எல்லாம் நான் மனப்பாடமா சொல்லுவேன். இவ முடிவே இல்லைங்கறா. செத்துப்போன மேதைகளைத் திட்ட இவ யாரு? எழுதிக் கொடுங்க, பிரின்சிபால்கிட்டச் சொல்லி ஹால் டிக்கெட்டை நிறுத்தறேனா இல்லையா பாருங்க."

செய்யக்கூடிய ஆள்தான். இதே கல்லூரியில் படித்து, முதல் ரேங்க் வாங்கி, இங்கேயே பேராசிரியராக வந்தவர். அவர் சொல்லுக்குப் பிரின்சிபால் மறுபேச்சு பேசுவதில்லை. ஹால் டிக்கெட் போனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு.

"கடையில கைடு விக்குதே, அதைப் பார்த்தாவது எழுதியிருக்கலாமில்ல?" என்றார் நூலகரம்மா அவளிடம்.

"நான் படிச்ச வரைக்கும்தான் எழுத முடியும் மேடம்."

"திமிரைப் பாருங்க" என்றார் பேராசிரியர்.

நூலகரம்மா பதிவேட்டைப் புரட்டினார். "புத்தகத்தைத் தொடலைன்னு எப்படி சார் எழுதறது? மூணு தடவை எடுத்திருக்கா. இன்னிக்குக் காலையிலதான் திருப்பிக் கொடுத்தா."

பேராசிரியரின் குரல் சட்டென்று இறங்கியது. "எது, நம்ம காலேஜ் புத்தகமா? அந்தப் பழசா?"

"வேற எது இருக்கு? ஒரே ஒரு பிரதிதானே."

"சரி, புத்தகம் எதுக்கு இப்ப, நோட்டைப் பாருங்க..."

அதற்குள் நூலகரம்மா கைக்கெட்டும் அடுக்கிலிருந்து புத்தகத்தை உருவிவிட்டார். முதல் கதையின் கடைசித் தாள் இல்லை. பிளேடால் கோடு போட்டாற்போல் வெட்டி எடுத்திருந்தது. இரண்டாவது கதையும் அப்படியே. ஆறு கதை, ஆறு தாள்.

அந்தம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. "ஏண்டி, படிக்க வந்தியா, பிளேடைத் தூக்கிட்டு வந்தியா? அதான் காலங்காத்தால வந்து கொடுத்துட்டு நைசா நழுவினியா? புத்தகத்துல கை வெச்சவளை இந்தப் பக்கமே விட மாட்டேன், தெரியுமில்ல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க மேடம்" என்றார் பேராசிரியர். "பழைய புத்தகம். யாரோ, எப்பவோ. நான் மார்க் போட்டுடறேன்."

இத்தனை நேரம் தாம்தூம் என்று குதித்த மனுஷர் இப்படிக் குழைந்தது எரிகிற கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

"அதெப்படி சார் விடறது? என் பொறுப்புல இருக்கற புத்தகம். யார் பண்ணினதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பழுத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது. நேற்று முந்தாநாள் வெட்டியதல்ல. பின்னட்டையில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பினார். கீழே இந்தப் பெண்ணின் கையெழுத்து மூன்று. அதற்குமேல் ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. நடுவில் வந்தவர்கள் எல்லாரும் கைடோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

அந்தப் பழைய கையெழுத்து, ஆங்கிலத் துறையிலிருந்து வரும் புத்தகப் பட்டியலின் அடியில் மாசாமாசம் பார்க்கிற அதே கையெழுத்து.

நூலகரம்மா தலை நிமிர்ந்தார். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப எனக்கு இருபது வயசு மேடம்" என்று மென்று விழுங்கினார். "பரீட்சையில முடிவைப் பத்தித்தான் கேப்பாங்க. வேற யாராவது படிச்சுட்டா ரேங்க் போயிடுமோன்னு..."

"நல்லா இருக்கு சார் நியாயம். வெட்டினது நீங்க, ஹால் டிக்கெட் போறது இவளுக்கா?"

நூலகரம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் ஆறவில்லை.

"இந்தக் கையெழுத்தை நீ பார்த்தியா?"

"முதல் தடவை எடுத்தப்பவே பார்த்தேன் மேடம்."

"பார்த்துட்டுமா வாயைத் திறக்கலை? ஒரு பாவமும் அறியாத அந்த எழுத்தாளர்களைப் போய் இந்தத் திட்டு திட்டியிருக்கே."

"வந்த கோபத்துக்கு யாரையாவது திட்டணும்போல இருந்தது மேடம். அவங்க செத்துப் போனவங்க. சார் நாளைக்கும் கிளாஸுக்கு வரணுமே."