ரெண்டு பேருக்கும் ஸ்கேன்

எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? குன்னூரில் டீ ஃபேக்டரி கிளார்க் அருண்பிரசாத்துக்குக் குழந்தை இல்லாத குறையைத் தவிர வேறு குறையே கிடையாது. அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

"ஏனுங்க, கோயம்புத்தூர் டாக்டரம்மா கேம்ப்புக்கு வந்திருக்காங்க. ஈரல ஸ்கேன் பண்றாங்களாமா, வாங்க," என்று இழுத்துப் போனாள் மனைவி இந்துமதி.

"குளிருக்கு ரெண்டு ரவுண்டு குடிச்சா ஈரல் கெட்டுப்போயிருமாக்கும்? நீயும் படு, பாத்துரலாம்!"

போட்டி போல இருவரும் படுத்து எழுந்தார்கள்.

"சாருக்கு ஒண்ணுமில்லை," என்றார் டாக்டரம்மா.

அருண்பிரசாத் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"உங்களுக்குத்தாம்மா ஈரல்ல பெரிய கட்டி தெரியுது. ரொம்ப நாளா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

இந்துமதி முந்தானையைத் திருகினாள். "கர்ப்பத்தடை மாத்திரைங்க. கல்யாணம் ஆனதுல இருந்து."

குழந்தைக்காக அவன் ஏறாத கோயில் இல்லை. "அடிப்பாவி! ஏன்டி?"

"குடிகாரரைப் பாத்து ஒரு குழந்தை பயந்து அழுவக் கூடாதுங்க. நீங்க நிறுத்துற அன்னைக்கு நானும் நிறுத்தலாம்னு இருந்தேன்."

"இன்னைக்கே நிறுத்திட்டேன், சத்தியமா! நீயும் நிறுத்திரு!"

"மாத்திரையால இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். இன்னைக்கே நிறுத்தணும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா, கட்டி எடுக்கறதுக்குச் சிரமமான இடத்துல இருக்கு. கர்ப்பமானா அது வெடிச்சு உயிருக்கே ஆபத்து."

இருவருமே சொன்னபடி நிறுத்திவிட்டார்கள்.

இப்படி ஒரு கட்டியோடு போராடிப் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன், இந்துமதிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.