திரும்பி உட்கார்தல்

அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

தண்ணீர் மட்டும் இருந்தது. அலையில்லாத, சற்றுக் கலங்கிய பச்சைத் தண்ணீர். கயாக் படகின் மஞ்சள் மூக்கு அதைக் கிழித்துக்கொண்டு போனது.

எடை குறைந்தவர் முன்னால் என்று படகுக்காரர்தான் அவளை அங்கே உட்காரவைத்தார். முன்னால் இருப்பவர் தன் இஷ்டத்துக்குத் துடுப்புப் போடலாம். பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்துப் போட வேண்டும். படகைத் திருப்புவதும் அவர் பாடு.

பின்னால் குணசேகரன் சார் இருந்தார்.

கல்யாணமான காலமெல்லாம் ஸ்கூட்டரின் பின் இருக்கையில் ஒரு முதுகைப் பார்த்தபடியே ஊரைச் சுற்றியவள் அவள். அந்த முதுகு போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன.

காலையில், வங்கி ஊழியர்களை ஏற்றிவந்த வேன் டீக்கு நின்ற இடத்தில், சார் கேட்டார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா மேடம்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். சர்க்கரை போதுமா என்று விசாரித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

யோசிக்க ஒன்றும் இல்லை. வேண்டாம் என்பதுதான் பதில்.

தனி வீடு பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, பிடித்தும் போய்விட்டது. சமைக்கத் தோன்றாத நாளில் ரசம் மட்டும். பாட்டுக் கேட்கத் தோன்றினால் விடிகிறவரை பாட்டு. ஏன் என்று கேட்க ஆளில்லை.

கரைக்குத் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும். கரையில் எல்லோரும் இருப்பார்கள். நாளை மறுபடியும் பக்கத்துப் பக்கத்து மேசை.

மற்ற கயாக்குகளில் துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் தப்பு என்ற சண்டையும். அவற்றில் ஒன்றிலிருந்து கேஷியர் தேவசகாயம் குரல் கொடுத்தார்.

"சார், மேடத்தத் தண்ணில தள்ளிடாதீங்க. லாக்கர் சாவி அவங்ககிட்டதான் இருக்கு."

எல்லாப் படகுகளும் சிரித்தன.

இவர்களுடைய துடுப்புகள் ஒருமுறைகூட முட்டவில்லை. அவள் போட்டால் பின்னால் ஒரு துடுப்பு விழுந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. தனியாகப் போவது போலவே இருந்தது.

ஆனால் தனியாகப் போகிறவரைவிடப் படகு வேகமாகப் போனது.

சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சிறிய வாய்க்கால் பிரிந்தது. உள்ளே நிழல். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான்.

படகு அங்கே திரும்பியது.

இருபுறமும் வேர்கள் விரல் ஊன்றி நின்றன. நண்டுகள் இவர்களைப் பார்த்துவிட்டுச் சேற்றுக்குள் போயின. வெளியே இருந்த சிரிப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கூட ஒருவர் இருக்கையில் பேசாமல் இருப்பது இவ்வளவு லேசானது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வாய்க்கால் குறுகிக்கொண்டே வந்து, சாய்ந்த மரம் ஒன்றில் முடிந்தது.

திருப்ப இடமில்லை. வாய்க்காலின் அகலத்தைவிடப் படகு நீளம். அவர் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். படகு கோணலாகப் போய் வேரில் இடித்தது.

வெளி வாய்க்காலிலிருந்து படகுக்காரரின் குரல் வந்தது. அவருக்கு இது தினமும் நடப்பது போல.

"படகத் திருப்பாதீங்க. நீங்க திரும்பி உக்காருங்க. ரெண்டு பக்கமும் மூக்குதான்."

முதலில் அவள் திரும்பினாள். காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. படகு ஆடியது. அவர் இரண்டு பக்கமும் வேர்களைப் பிடித்து அதை நிறுத்தினார்.

இப்போது எதிரெதிரே இருந்தார்கள்.

அவருடைய நெற்றியில் சேறு. கண்ணாடி விழாமல் இருக்க, அதைக் காதோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றும் தோன்றியது.

வாயைத் திறந்தாள்.

"இருங்க மேடம்," என்றார் அவர். "நானும் திரும்பிக்கறேன். அப்புறம் சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துக்கிட்டு வேணாம்னு சொல்றது கஷ்டம்."

அவர் திரும்பி உட்கார்ந்தார். இப்போது முன்னால் அவர், பின்னால் அவள். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்கு மேலே காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பிடரியில் வியர்வை. ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அவர் அதை அடிக்கக்கூட அசையவில்லை.

அவள் கையை நீட்டி அதை ஓட்டினாள்.

சற்றுப் பொறுத்து அவர் மெதுவாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார். அவள் அதற்கு ஒத்துப் போட்டாள். ஒருமுறை முட்டியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

வாய்க்கால் முடிந்து வெளிச்சம் வந்தது. வலப்பக்கம் படகுத்துறை. வேன் தெரிந்தது, இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், மீன் பொரிகிற வாசனை வந்தது. இடப்பக்கம் உப்பங்கழி காட்டைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போனது. ஒரு படகுகூட அங்கே இல்லை.

அவர் நேராகப் பார்த்தபடி போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் துடுப்பை வலப்பக்கம் ஆழமாக இறக்கி இழுத்தாள்.

படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது.

"மேடம், வழி இந்தப் பக்கம்," என்று கரையிலிருந்து தேவசகாயம் கத்தினார்.

"தெரியும்," என்றாள், முன்னால் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவருடைய துடுப்பு ஒரு கணம் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

பிறகு இறங்கியது.